"சோலை இல்லம்" பெயர்ப்பலகை: ஸ்க்ரோல் சோவில் தமிழ் எழுத்தை அறுக்கும்போது புள்ளிகளை என்ன செய்வது?

மூடுபனி (நானுஓயா)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் குடும்பம் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு, 7 பேர்ச் அளவுள்ள சிறு காணியில் கட்டிய தனி வீட்டுக்குச் சென்ற மாதம் குடிபோனது. நாங்கள் வளர்ந்த லயத்தில் கதவுக்கு இலக்கமும் இல்லை, பெயரும் இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, சில நாள் கழித்தே வீடு சேரும். அதனால் புது வீட்டுக்குத் திரைச்சீலைக்கு முன்பே பெயர்ப்பலகை வேண்டும் என்று அக்கா கேட்டார். நான் வீறாப்பாக, கடையில் செய்விக்க வேண்டாம், வளைவுகளை அறுக்கும் சிறு மின்வாளான என் ஸ்க்ரோல் சோவிலேயே அறுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பெயர் "சோலை இல்லம்". என்னிடம் இருப்பது, அலகுக்கும் பின்தூணுக்கும் இடையே 16 அங்குல இடைவெளி உள்ள சிறிய இயந்திரம். இரு முனையிலும் ஊசியில்லாத சாதாரண அலகு, 5 ஆம் இலக்கம், போட்டிருந்தேன். மரம் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கிரவில்லியாப் பலகை. எழுத்துகளைத் தனித்தனியாக அறுத்துப் பின்பலகையில் ஒட்டுவது என்பது திட்டம். படத்தை வரைந்து முடித்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்: "சோ" என்பது ஓரெழுத்து, ஆனால் மரத்தில் அது மூன்று துண்டு. "லை" இரண்டு, "இ" ஒன்று, "ல்" புள்ளியோடு இரண்டு, "ல" ஒன்று, "ம்" இரண்டு. ஆக மொத்தம் பதினொரு துண்டுகள்.

பெரிய துண்டுகள் ஓரளவு வந்துவிட்டன. "ல்" எழுத்தின் புள்ளி அறுந்த கணத்திலேயே மேசைத் துளைக்குள் விழுந்து மரத்தூளோடு மறைந்தது. "ம்" எழுத்தின் புள்ளியை அலகு மேலே இழுத்துத் தட்டிவிட, அது சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. மீண்டும் அறுத்து ஒட்டியவை ஒன்றுக்கொன்று மட்டமாக இல்லை. எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியும் கண்ணை உறுத்துகிறது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டல்கள் எல்லாம் ஆங்கிலப் பெயர்களுக்கே இருக்கின்றன. நம் எழுத்தை அறுத்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

மரத்தூள் (பண்டாரவளை)

தங்கை, உங்கள் பலகையைப் பழுதாக்கியது இயந்திரம் இல்லை, படம். அதைச் சொல்லிவிட்டு வரிசையில்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை மரத்தில் காட்ட இரண்டு வழிகள் உண்டு. எழுத்தையே துண்டாக எடுப்பது ஒன்று. பலகையில் எழுத்தின் வடிவத்தை ஓட்டையாக வெட்டி, அதற்குப் பின்னால் வேறு நிறப் பலகை வைப்பது மற்றது. முதல் வழியில் உங்களை வதைப்பது புள்ளியும் கொம்பும் காலும். இரண்டாவது வழியில் இவை மூன்றும் தொல்லையே தரமாட்டா, ஏனென்றால் ஓட்டைகள் ஒன்றையொன்று தொடத் தேவையில்லை. ஆனால் அங்கே சுழிகள் வதைக்கும். அ, க, வ, ண, ள போன்றவற்றின் சுழிக்குள் அடைபட்ட மரம் பிடிமானம் இல்லாமல் கழன்று விழும். ப, ட ஆகியவற்றில் அடைபட்ட இடம் கிடையாது. ஆகவே பெயரை எடுத்தவுடன், புள்ளி அதிகமா, சுழி அதிகமா என்று முதலில் எண்ண வேண்டும். "சோலை இல்லம்" இரண்டிலும் குறைவைக்காத பெயர்.

நான் துண்டு எழுத்துகளையே விரும்புகிறவன். எழுத்துகளின் அடியில் 15 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பட்டை வரைந்து, எல்லா எழுத்தும் காலும் கொம்பும் அந்தப் பட்டையில் ஊன்றி நிற்குமாறு படத்தைத் திருத்துவேன். அப்படிச் செய்தால் உங்கள் பதினொன்றில் ஒன்பது துண்டுகள் ஒரே துண்டாகிவிடும். இடைவெளிச் சிக்கலும் தீரும், ஏனென்றால் இடைவெளியைக் கை தீர்மானிப்பதில்லை, படம் தீர்மானிக்கிறது. மிஞ்சுவது இரண்டு புள்ளிகள். அவற்றை எழுத்தோடு சேர்க்க 3 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு காம்பு விடலாம். காம்பு மரத்தின் ரேகை ஓடும் திசையில் அமைய வேண்டும். ரேகைக்குக் குறுக்கே அமைந்தால் அரத்தாள் பட்டவுடன் உடையும். பெயர்ப்பலகையில் ரேகை இடமிருந்து வலம் ஓடும், புள்ளியோ எழுத்தின் மேலே நிற்கும். ஆகவே திட மரத்தில் காம்பு எப்போதும் குறுக்காகவே விழும். அதனால்தான் இந்த வேலைக்கு நான் ஒட்டுப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். அதன் அடுக்குகள் மாறிமாறிக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் எந்தத் திசையிலும் காம்பு தாங்கும்.

அறுக்கும் ஒழுங்கும் முக்கியம். உள்ளே இருக்கும் சுழிகளை முதலில் அறுங்கள், வெளிக்கோட்டைக் கடைசியில் அறுங்கள். பலகை முழுதாக இருக்கும்வரை கைக்குப் பிடி இருக்கும். சுழிக்குள் அலகை நுழைக்க 1.5 மில்லிமீற்றர் துளை போதும்; நல்ல வேளை, உங்களிடம் இருப்பது ஊசியில்லாத அலகு. ஊசி வைத்த அலகாக இருந்தால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் துளை வேண்டும்; சிறிய எழுத்தின் சுழியே அவ்வளவு இருக்காது.

புள்ளி விழுந்ததற்கு மருந்து எளிது. மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டொன்றில் அலகு மட்டும் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, அதை மேசையின் மேல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். பெரிய வாய் மூடிக்கொள்வதால் புள்ளி விழ இடமில்லை. பாய்ந்ததற்குக் காரணம் அலகின் தளர்வாக இருக்கலாம். இறுக்கிய அலகைச் சுண்டினால் தந்திபோல் தெளிவான ஒலி எழ வேண்டும்; மந்தமாக ஒலித்தால் இன்னும் முறுக்குங்கள்.

தெமோதரை வளைவு

நான் இந்தச் சிக்கலில் சிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல வந்தேன். பிறகு யோசித்தால், அது திறமை இல்லை, ஊரின் தயவு. "தெமோதரை" என்பதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. பதுளைக்கும் நானுஓயாவுக்கும் அதே பாக்கியம். அட்டனும் ஹப்புத்தளையும் பாவம், ஆளுக்கு இரண்டு.

நான் முடித்த வேலை எங்கள் பக்கத்து ரயில் பாலமான ஒன்பது வளைவுப் பாலத்தின் நிழலுரு. 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் கொண்டது. அந்த விகிதத்தை விடக்கூடாது என்பதற்காக 38 சென்றிமீற்றர் நீளத்துக்கு 10 சென்றிமீற்றர் உயரம் வைத்தேன். கடைகளில் விற்கும் பெரும்பாலான பாலங்கள் குட்டையாகவும் பருமனாகவும் இருப்பது எனக்கு நெடுநாள் எரிச்சல். தூண்கள் நெடுநெடுவென்று நின்றால்தான் அது அந்தப் பாலம். கீழே தேயிலைச் சரிவைப் பட்டையாக விட்டதால் ஒன்பது வளைவுக்கும் ஒன்பது துளை போட்டு, ஒவ்வொரு முறையும் அலகைக் கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. சரிவைத் தவிர்த்திருந்தால் கீழிருந்தே நேராக அறுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்த முதல் மாதிரியின் ஒல்லித் தூண்களில் இரண்டு, தூசி துடைக்கும்போதே ஒடிந்தன.

மரத்தூள் அண்ணன் சொன்ன அடிப்பட்டை எனக்குத் தண்டவாளமாக அமைந்தது. ஊர்ப்பெயரை அதன்மேல் ரயில் பெட்டிகள்போல வரிசையாக நிறுத்தினேன்.

மரம்தான் நான் சொல்ல வந்த முக்கியச் செய்தி. தாத்தா காலத்துத் தேயிலைப் பெட்டி ஒன்று எங்கள் அடுப்படியில் விறகு போட்டுவைக்கும் பெட்டியாகக் கிடந்தது. தேயிலையைக் கடதாசிப் பைகளில் அடைக்கத் தொடங்குமுன் தகர விளிம்பு அடித்து, உள்ளே ஈயத்தாள் விரித்து அனுப்பிய அதே ஒட்டுப்பலகைப் பெட்டிதான். காலிப் பக்கம் கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை நடந்த காலத்தை முதியவர்கள் அறிவார்கள். விளிம்புத் தகரத்தைக் கழற்றி, ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கி, மேற்பரப்பை இலேசாகத் தேய்த்தபோது உள்ளே இருந்த மரம் தேன் நிறமாக வந்தது. ஓர் ஆணியைக் கவனிக்காமல் விட்டதற்கு ஓர் அலகு போயிற்று. பெட்டியின் வெளிப்பக்கத்தில் மங்கிக் கிடந்த அச்செழுத்துகளை நான் அழிக்கவில்லை. பாலத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் அதைத்தான் நெடுநேரம் பார்க்கிறார்கள்.

பழைய கரும்பலகை (பதுளை)

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், பேரனுக்குப் பொழுதுபோகக் கையால் இழுக்கும் வில்வாளோடு இந்தப் பழக்கத்தைத் தொடங்கினேன். இயந்திரம் பின்னால் வந்தது. கைவாளில் தொடங்கியதால் ஒரு நன்மை, ஒவ்வொரு வளைவிலும் எங்கே நிற்க வேண்டும் என்று விரல் கற்றுக்கொண்டது.

மூடுபனி மகளே, உங்கள் பதினொரு துண்டில் ஒன்றை எழுத்தின் வரலாறே குறைத்துத் தரும். "லை" என்பதை நாங்கள் சிறு வயதில் இரண்டு துண்டாக எழுதவில்லை. துதிக்கைபோல வளைந்த ஐகாரக் கொம்பு லகரத்தோடு ஒட்டியே நிற்கும். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அப்படித்தான் இருந்தன. பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978 இல் ஏற்றபோது அவை பிரிந்தன. அச்சுக் கோப்பவருக்கு அது பேருதவி. ஆனால் வாள் பிடிக்கிறவனுக்கு அந்தப் பழைய கொம்பே உதவி, ஏனென்றால் அது பிரியாத ஒரே கோடு.

புள்ளியைப் பற்றியும் சொல்கிறேன். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்; எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். எழுதும் பொருள் எழுத்தை மாற்றுவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. அதற்காகப் புள்ளியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். புள்ளி இல்லாத "இல்லம்" என்பதைத் தபால்காரர் எப்படி வாசிப்பார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

மூடுபனி (நானுஓயா)

ஐயா, பழைய "லை" வடிவத்தை வரைந்து அக்காவின் மகளிடம் காட்டினேன். ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். "சித்தி, இது என்ன எழுத்து?" என்று கேட்டாள். தன் வீட்டின் பெயரையே பிள்ளையால் வாசிக்க முடியாவிட்டால் அந்தப் பலகை எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய கரும்பலகை (பதுளை)

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வாசிப்பாள். வாசலில் நின்று தாத்தா பாட்டியின் எழுத்தைத் தெரிந்துகொள்வது குறைவான செயலா?

தெமோதரை வளைவு

ஐயா மன்னிக்க வேண்டும், நான் மூடுபனியின் பக்கம். வீதியில் போகிறவர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அலங்காரப் பலகையென்றால் பழைய கொம்பு அழகுதான். பெயர்ப்பலகையை முதற்பார்வையிலேயே வாசிக்க வேண்டும்.

மரத்தூள் (பண்டாரவளை)

வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதில் இரு தரப்புக்கும் சண்டையே வராது: எழுத்தைப் பலகைக்குள் பதிப்பது.

6 மில்லிமீற்றர் பலாப் பலகையையும் அதே தடிப்பில் மஹோகனியையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுநாடாவால் ஒட்டி, இயந்திரத்தின் மேசையை 4, 5 பாகை சாய்த்து, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அறுக்க வேண்டும். மேற்பலகையிலிருந்து வரும் எழுத்து, கீழ்ப்பலகையின் ஓட்டையில் ஆப்புப்போல இறுகி உட்காரும். சாய்வு சரியாக இருந்தால் வாள் தின்ற இடைவெளியும் மூடிக்கொள்ளும். சரியான பாகை பலகையின் தடிப்பையும் அலகின் தடிப்பையும் பொறுத்தது, ஆகவே கழிவுத் துண்டில் ஒரு வட்டம் அறுத்துச் சோதித்த பிறகே பெயரில் கை வையுங்கள். அலகு நுழையும் துளையையும் அதே சாய்வில் இடுங்கள். தொடங்கிய பிறகு வலம் என்றால் எல்லாமே வலம். ஓரெழுத்தை இடமாகச் சுற்றிவிட்டால் அது இறுகுவதற்குப் பதிலாக அடியால் கழன்று விழும். இம்முறையில் புள்ளி என்பது பலகைக்குள் பதிந்த சிறு வட்டம், அவ்வளவுதான். அது எதனோடும் ஒட்டத் தேவையில்லை.

இது புதிய யுக்தி இல்லை. பிரான்சில் 14 ஆம் லூயி மன்னனின் அரசவைக்கு மேசைகளும் அலமாரிகளும் செய்த ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் இப்படித்தான் அடுக்கி ஒரே ஓட்டத்தில் அறுத்து, ஒன்றின் துண்டை மற்றதில் பதித்தார். நமக்குப் பித்தளை வேண்டாம். பலாவின் மஞ்சளும் மஹோகனியின் சிவப்பும் போதும். பலாவைப் பற்றி மட்டும் ஒரு சொல்: வீட்டுத் தோட்டத்து மரமாயினும் 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றித் தறிக்கக் கூடாது. நமக்கு வேண்டியது ஒரு முழம். மரக்காலையில் கழிக்கப்படும் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

இரட்டை ரயில் (அட்டன்)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கனடாவில் உள்ள மச்சான் தாம் பாவித்த ஸ்க்ரோல் சோ ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். அது 120 வோல்ட் இயந்திரம். மின்மாற்றி போட்டால் போதுமா?

மரத்தூள் (பண்டாரவளை)

மின்மாற்றி நம் 230 வோல்ட்டைக் குறைக்கும். ஆனால் அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 ஹேர்ட்ஸ் என்ற வேறுபாட்டை அது மாற்றாது. கரித்தூரிகை உள்ள மோட்டார் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தூண்டல் மோட்டார் என்றால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கூடும். மோட்டாரின் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். கப்பல் கூலிக்கு இங்கேயே ஓர் இயந்திரம் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

கொழுந்துக்கூடை (ஹப்புத்தளை)

எல்லோரும் புள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள். மூடுபனி கிரவில்லியாவை அறுத்ததாக எழுதியதைக் கவனித்தீர்களா? தேயிலைக்கு நிழல் மரமாக நின்று, வெட்டப்பட்டதும் மலிவாகக் கிடைப்பதால் நாம் எல்லோரும் அதில்தான் கை பழகுகிறோம். அறுத்துத் தேய்த்தால் சரிகைபோல மினுங்கும் அதன் ரேகைக்கு ஈடான மரம் இந்த விலையில் இல்லை. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். எனக்கு முழங்கைவரை தடித்துச் சிவந்து இரண்டு வாரம் அரித்தது. சோப்புத்தான் காரணம் என்று நினைத்து மூன்று வகைச் சோப்பு மாற்றினேன்.

எந்த மரமாயினும் முகமூடி அணியுங்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. படத்தில் கோடு தெரிய வேண்டுமென்று வாயால் ஊதி ஊதி அறுக்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

அடுத்தது ஈரம். நானுஓயாவில் மூடுபனிக்குள் அடுக்கிவைத்த பலகை காய்ந்துவிட்டதாக நினைத்து அறுத்தால், அந்தப் பொருள் ஊவாப் பக்கத்தின் வறண்ட ஆடிக் கச்சான் காற்றில் வளையும், வெடிக்கும். நான் அப்படித்தான் மயில் ஒன்றின் தோகையை இழந்தேன். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துவது பழைய கணக்கு. மேற்குச் சரிவில் அதைவிடக் கூடுதலாகவே பொறுக்க வேண்டும். அலகுகளையும் பெட்டிக்குள் சிறிது எண்ணெய் தடவி மூடிவையுங்கள், ஒரு மழைக்காலத்திலேயே துருவேறிவிடும்.

மூடுபனி (நானுஓயா)

கையில் அரிப்பு எனக்கும் இருந்தது. குளிர் என்று நினைத்திருந்தேன். நன்றி அக்கா.

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், பலகை முடிந்தது. பதிக்கும் முறையை இரண்டு முறை முயன்றேன். "இ" எழுத்தின் உள்வளைவில் இரண்டு முறையும் சாய்வு பிசகி, மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது. அதற்கு இன்னும் என் கை பழகவில்லை. ஆகவே அடிப்பட்டை முறைக்குத் திரும்பி, 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் அறுத்தேன். 2 ஆம் இலக்க அலகு, உட்சுழிகள் முதலில், மேசையின் மேல் துளையிட்ட துண்டு, எல்லாம் சொன்னபடியே. அலகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அலகைச் செய்யும்போது ஒரு விளிம்பில் மட்டும் பிசிறு தங்குவதால் அது அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கிறதாம். பலகையைச் சில பாகை திருப்பிப் பிடித்துத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் நேர்கோடு நேராக வந்தது.

"லை" இக்கால வடிவத்திலேயே நிற்கிறது. ஆனால் ஐயாவின் சொல்லையும் தள்ளிவிட மனம் வரவில்லை. பலகையின் பின்புறத்தில், சுவரைப் பார்க்கும் பக்கத்தில், துதிக்கைக் கொம்போடு "சோலை" என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அக்காவின் மகள் அதைப் பார்த்து எழுதிப் பழகிவிட்டாள்.

புள்ளிகளுக்குக் காம்பு விட்டேன். "ம்" எழுத்தின் காம்பு தேய்க்கும்போது உடைந்தது. ஈரம் தாங்கும் மரப்பசையால் ஒட்டினேன், அது சற்றே இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. புதிதாக அறுக்கிறேன் என்றேன். அக்கா விடவில்லை. மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து, பித்தளைத் திருகாணியால் வாசலில் பூட்டியாயிற்று.

இப்போது வேறு சங்கடம். அதே வரிசையில் உள்ள நான்கு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் கேட்கிறார்கள். பெயர்கள் வெவ்வேறு, ஆனால் நான்கும் "இல்லம்" என்றே முடிகின்றன. 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை நான்கை அடுக்கி, "இல்லம்" என்பதை மட்டும் ஒரே முறையில் அறுத்துவிடலாமா? 12 மில்லிமீற்றருக்கு 2 ஆம் இலக்க அலகு தாங்குமா?

மரத்தூள் (பண்டாரவளை)

தாராளமாக. 5 ஆம் இலக்கத்துக்கு மாறுங்கள், மெல்லிய அலகு அவ்வளவு தடிப்பில் நடுவே வளைந்து அடிப்பலகையின் வடிவத்தைக் கெடுக்கும். மேலே தெளிவான பொதி ஒட்டுநாடா ஒட்டுங்கள், அலகு கருக்காமல் வழுக்கிச் செல்லும். காம்பை இம்முறை 4 மில்லிமீற்றராக வரையுங்கள்.

தெமோதரை வளைவு

"இல்லம்" வரைபடத்தை இங்கே ஏற்றிவிடுங்கள். எங்கள் பக்கத்திலும் கேட்பார்கள்.